கறிப் பாத்திரத்தில் போட்ட டீ

"பால் பாத்திரம் இந்தத் தட்டு, கறிப் பாத்திரம் அந்தத் தட்டு. ஒன்பது வருஷமா எதிர் வீட்டுல இருக்கே, இதுகூடவா தெரியாது உனக்கு?"

இப்படித்தாங்க கேட்டாள் லேயாபாய். இதே அடுப்படியில், இப்போ நீங்க நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு. நான் இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு நிற்கிறேன், அந்தக் கிழவிக்குப் பாத்திரம்தான் பெரிதாகப் போய்விட்டது. "பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் ஒருத்தி இல்லேன்னா இந்நேரம் இந்த வீட்டுல அழறதுக்கு ஆளே இருந்திருக்காது" என்று நானும் கத்தினேன். கத்தினேன் என்றால் மெதுவாகத்தான். அன்றைக்கு இந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

நீங்களும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க. ஒன்றுமில்லை, கீழே கேட்கும். மரப்பலகை போட்ட பழைய தளம். கீழே யார் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் வீட்டைப் பாருங்க. புரோக்கர் சொல்லியிருப்பானே, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி, அதுக்கு மேலே பரண். நல்ல ஆழமான பரண். பம்பாயில் இந்த வாடகைக்கு இப்படிப் பரண் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு ஆள் படுக்கலாம். படுத்தார்கள், அதனால் சொல்கிறேன்.

லேயாபாய் யூதப் பெண்மணி. எனக்கு யூதர் என்றால் திருச்சியில் கான்வென்ட் சுவரில் மாட்டியிருந்த படம்தான். வெள்ளை வெளேரென்று, நீல அங்கி, தோளில் ஆட்டுக்குட்டி. இங்கே வந்து பார்த்தால் நம்ம நிறத்தில் ஒரு பாட்டியம்மா, மராட்டிக்காரி மாதிரி புடவைக் கச்சம் கட்டிக்கொண்டு, அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறாள். கடல் வழியாக எந்தக் காலத்திலோ வந்து கொங்கணத்தில் ஒதுங்கிய ஜனமாம். வாசல் நிலையில் அந்த ஆணித் தழும்பு தெரிகிறது பாருங்க, அங்கே சாய்வாக ஒரு சின்ன டப்பி அடித்திருப்பாள். உள்ளே அவர்கள் வேத வாக்கியம் எழுதிச் சுருட்டி வைத்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலில் முத்தமிட்டுக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவளுக்கு ஓய்வு நாள். மறுநாள் இருட்டுகிற வரைக்கும் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது. வேற்று மதத்து ஆள் யாராவது வந்து செய்து கொடுத்தால் பரவாயில்லையாம். அதற்கு யாரைக் கூப்பிடுவாள் என்று நினைக்கிறீர்கள்? எதிர் வாசலில் நான் இருக்கிறேன். குளித்து முழுகி, வாசலில் கோலம் போட்டு, இங்கிலீஷ் தெரிந்த பொம்பளை. என்னைக் கூப்பிட மாட்டாள். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறையில் இருந்த ரூமானாவைக் கூப்பிடுவாள். சாவியே அவளிடம்தான் இருக்கும். கழுத்துக் கயிற்றில் கோத்து, ஜாக்கெட்டுக்குள் போட்டிருப்பாள்.

ரூமானா ஸித்தி ஜனம். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள், அதுவும் எந்தக் காலத்திலோ. முஸ்லிம்கள். கறுப்பென்றால் நம்ம கறுப்பில்லை, சுருட்டை முடி. குழந்தை பெற்ற வீடுகளுக்குப் போய் தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவாள். புருஷன் யாகூப் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆள், கதவில் குனிந்துதான் நுழைவான். வந்த புதிதில் நான் அவளை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து, "எப்போது இந்தியா வந்தீர்கள்?" என்று நல்ல இங்கிலீஷில் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுத்தமான மராட்டியில் சொன்னாள்: "எங்க தாத்தாவுக்குத் தாத்தா இந்தத் தெருவுலதான் செத்தார் பாபி. நீங்க எந்த ரயில்ல வந்து இறங்கினீங்க?"

வாய்! கூப்பிடுவது என்னவோ பாபி, அண்ணி என்று மரியாதையாகத்தான்; ஆனால் அந்த வாய்!

ஒன்பது வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் அவள் படியேறி வருவாள், ஸ்டவ் பற்றவைப்பாள், டீ போட்டுக் கிழவியிடம் கொடுப்பாள், தானும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவாள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு என் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்போ. எனக்கென்ன, நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாளாவது 'நீ வா'ன்னு என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

அந்த ஜனவரியில் பம்பாய் எரிந்தது உங்களுக்குத் தெரியும். மதுரையில் பேப்பரில் படித்திருப்பீர்கள். பேப்பரில் வாசனை வராது. டயர் எரிகிற வாசனை ஒன்று உண்டு, அது துணியில் ஏறினால் எத்தனை அலசினாலும் போகாது. இந்து-முஸ்லிம் கலவரம் டிசம்பரில் ஒரு தடவை மூண்டு அடங்கி, மறுபடியும் ஆரம்பித்தது. எந்த வீட்டில் எந்த மதம் என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்தார்கள். கோலம் போடாத நாளில்கூட விடிந்ததும் கோலம் போட்டேன். இரட்டைக் கோலம், செம்மண் பூசி, தெருவிலிருந்து ஏறி வருகிறவனுக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். கதவு ஓட்டையில் கண்ணை வைத்து நின்றிருக்கிறேன். ரூமானாவும் யாகூப்பும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். லேயாபாய் கதவைத் திறந்து அவர்களை உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டு நேராக என் கதவைப் பார்த்தாள். ஓட்டைக்குப் பின்னால் கண் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ.

"சௌந்தரா, பார்த்தியா?"

நான் ஓட்டையை உள்ளங்கையால் மூடினேன்.

"அப்ப பார்க்கலே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைத் திறக்கிறேன், படியில் செருப்புச் சத்தம். ஐந்து பேர். முன்னால் தத்தாராம். இந்தத் தெருப் பையன், பையன் என்ன, முப்பது வயது. கையில் ஹாக்கி மட்டை. படிக்குக் கீழே எதையோ வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், பெட்ரோல் வாசனை அவர்களுக்கு முன்னால் ஏறி வருகிறது. எங்க வீட்டுக்காரர் குளிக்கப் போனார். அன்றைக்கு அவர் குளித்த குளியல் மாதிரி அவர் ஜென்மத்தில் குளித்ததில்லை. அத்தனை கலவரமும் முடிந்துதான் துண்டோடு வெளியே வந்தார்.

"மாவ்ஷி, கீழே ரூம் பூட்டியிருக்கு. அந்த ரெண்டு பேரும் எங்கே?" என்று எதிர்க் கதவைத் தள்ளித் திறந்துகொண்டே தத்தாராம் கேட்டான். மாவ்ஷி என்றால் நம்ம சின்னம்மா மாதிரி. அவன் சின்ன வயதிலிருந்தே இவளை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் அம்மா இந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள், சாகிற வரைக்கும்.

லேயாபாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கென்னடா தெரியும்? நான் படியிறங்கியே ஒரு வாரம் ஆச்சு."

தத்தாராம் போகத்தான் திரும்பினான். சத்தியமாகத் திரும்பிவிட்டான். அப்புறம் மேஜை மேல் இருந்த டீ கிளாஸைப் பார்த்தான். பார்த்து, வந்து, கையால் தொட்டான்.

"இன்னிக்குச் சனிக்கிழமை இல்லே மாவ்ஷி?"

கிழவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சூடா இருக்கே. யார் ஸ்டவ் பத்த வெச்சது?"

அந்த ரூமானாவை என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்க. உயிருக்குப் பயந்து பரணில் ஒளிந்திருக்கிறாள், விடிந்ததும் இறங்கி வந்து கிழவிக்கு டீ போட்டிருக்கிறாள்! கைப்பழக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்டவ்வை அணைத்துவிட்டு மேலே ஏறிவிட்டாள். டீ மேஜையில் இருக்கிறது.

லேயாபாய் தலையைத் திருப்பி, கதவு வழியாக என்னைப் பார்த்தாள். "சௌந்தராதான் வந்து பத்த வெச்சா" என்றாள்.

ஐந்து பேரும் திரும்பினார்கள். என் கையில் கோலமாவு.

"நெஜமா பாபி?"

எனக்குப் பொய் வராது. சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் கைமுட்டியில் அடித்து வளர்த்த பெண் நான். ஆனால் வாய் தானாகச் சொன்னது. "ஆமா, நான்தான்."

தத்தாராம் சிரித்தான். நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. "அப்ப எங்களுக்கும் போட்டுக் கொடுங்க. ராத்திரி பூரா தூக்கமில்லே."

இந்த அடுப்படிக்குள் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கால் வைக்கிறேன். எதிர் வீடு, ஒன்பது வருஷம், கூடம் தாண்டி வந்ததில்லை. தீப்பெட்டி எங்கே என்று தெரியாது. சர்க்கரை எங்கே என்று தெரியாது. அணைத்த திரியின் மண்ணெண்ணெய் நெடி அப்படியே நிற்கிறது. கூடத்தில் ஐந்து ஆண்பிள்ளைகள், தினமும் இங்கே டீ போடுகிறவள் மாதிரி நான் நடமாட வேண்டும். ஒரு டப்பாவைத் திறந்தேன், பருப்பு. இன்னொன்று, உப்பு.

மேலே பார்த்தேன். பரணில் தகரப் பெட்டிகள். இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு விரல். கறுப்பு விரல். அது ஜன்னல் விளிம்பைக் காட்டியது: தீப்பெட்டி. அப்புறம் கீழ்த் தட்டைக் காட்டியது: சர்க்கரை. நான் பக்கத்தில் இருந்த அலுமினியப் பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்தேன். விரல் இடமும் வலமும் வேகமாக ஆடியது. சீக்கிரம், சீக்கிரம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் வேகமாக ஆடியது. அட இருடி, தண்ணி கொதிக்க வேண்டாமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பால் பவுடரைக் கலக்கினேன்.

பாலும் கறியும் ஒன்றாகச் சேரக் கூடாது, ஒரே பாத்திரத்தில் படக்கூடக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு சட்டம். பாத்திரம் வேறே, தட்டு வேறே, தேய்க்கிற நார்கூட வேறே. எனக்கு யார் சொன்னார்கள்? கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்தானே தெரியும்!

நான்கு பேர் குடித்துவிட்டுப் படியிறங்கினார்கள். தத்தாராம் மட்டும் கிளாஸை வைக்க அடுப்படிக்கு வந்தான். ஸ்டவ் மேலிருந்த பாத்திரத்தைப் பார்த்தான். பக்கத்தில் போய்க் குனிந்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். மேலே பார்க்கவே இல்லை. பரண் பக்கம் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"டீ நல்லா இருக்கு பாபி" என்றான். போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் கிழவி வந்து நின்று கத்தினாள், நான் ஆரம்பத்தில் சொன்னேனே. "அவன் அம்மா இந்தக் கறிப் பாத்திரத்தை எத்தனை வருஷம் தேய்ச்சா தெரியுமா? அவன் பார்த்துட்டான் சௌந்தரா, பார்த்துட்டான்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பார்த்திருந்தால் சும்மா போயிருப்பானா? வயதானவர்கள், பயத்தில் ஏதாவது சொல்வார்கள். பரணிலிருந்து ரூமானா எட்டிப் பார்த்து, "பாபி, நான் வேணாம் வேணாம்னு ஆட்டினேன், நீங்க பஜனைக்குத் தாளம் போடறாப்பல தலையை ஆட்டறீங்க" என்றாள். அந்த நிலைமையிலும் அந்த வாய். அவளுக்குப் பின்னால் யாகூப். அத்தனை பெரிய உடம்பு, மடங்கிப்போய், கண் மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தத்தாராம் தனியாக வந்தான். இங்கே இல்லை, என் வாசலுக்கு. மட்டை இல்லை. தலை வாரிப் பவுடர் போட்டிருந்தான்.

"பால் வாங்க ஊரடங்கைத் தளர்த்தியிருக்காங்க பாபி. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கீழே ரூம்காரங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு நினைக்கறேன். நேத்து வரைக்கும் போகலேன்னாலும் இன்னிக்குப் போயிடுவாங்க, இல்லே?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல ரூம் அது. காத்து வரும்" என்றான். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க பாபி. எனக்குத் தெரியும்."

பாருங்க, நான் யாரையும் போகச் சொல்லவில்லை. சொன்னேன் என்று லேயாபாய் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே வந்து நின்று, ஊரடங்கு தளர்ந்திருக்கிறது, பால் வாங்குகிற கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடலாம், இன்னொரு தடவை வந்து கேட்டால் எனக்குப் பொய் வராது, அவ்வளவுதான் சொன்னேன். எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்க. சும்மா சொல்லுங்க.

ரூமானா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வரும். திட்டவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, சாவியை என் கையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை இருட்டறதுக்கு முன்னாடி லேயாபாயோட விளக்குக்கு எண்ணெய் பாருங்க. சனிக்கிழமை காலையில டீ, சர்க்கரை கம்மி. பால் பாத்திரம் இந்தத் தட்டு."

சாவி அவள் உடம்புச் சூட்டோடு இருந்தது. யாகூப் தன் மேளத்தை எடுத்துக்கொள்ளக் கீழே அறைப் பூட்டைத் திறக்கப் போனான். அவர்கள் கும்பிடுகிற பெரியவரின் தர்காவில் வாசிக்கிற மேளம், அவன் அப்பாவுடையது. ரூமானா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். கூட்டத்தில் அவன் தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது. குனிஞ்சு நடடா, குனிஞ்சு நட என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முனை திரும்பிவிட்டார்கள்.

குஜராத் பக்கம் அவர்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. போய்ச் சேர்ந்திருப்பார்கள். சேராமல் எங்கே போவார்கள்? தகவல் சொல்லி அனுப்புகிற வழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வந்து டீ போட்டேன். சரியான பாத்திரத்தில். மேஜையில் வைப்பேன். லேயாபாய் "தேங்க் யூ சௌந்தரா" என்பாள். நான் இருக்கிற வரைக்கும் தொட மாட்டாள். ஆடை படிந்து ஆறிப்போகும். இஸ்ரேலில் இருக்கிற மகன் வருஷக்கணக்காகக் கூப்பிட்டும் போகாதவள், அந்த மழைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டாள். நிலையிலிருந்த டப்பியைத் தானே கத்தியால் நெம்பி எடுத்துக்கொண்டாள். அந்த அலுமினியப் பாத்திரத்தை மட்டும் என்னிடம் கொடுத்தாள். "இது இனிமே எதுக்கும் ஆகாது. நீயே வெச்சுக்கோ."

வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிச் சாவியும் என்னிடமே. பாருங்க, கடைசியில் என்னிடம்தான் கொடுக்க வேண்டி வந்தது.

கேட்கிறதா? டப்... டப்... அதுதான். மேளம். விரலால் தட்டுகிறான். தத்தாராம்தான். கீழ் அறைக்குக் குடி வந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. பயப்படாதீங்க, ரொம்ப மரியாதையான ஆள். என்னைப் பாபி, பாபி என்பான். சனிக்கிழமை காலையில் மேலே ஏறி வருவான். எங்க வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போவார். "டீ போடுங்க பாபி, அந்தப் பாத்திரத்துலேயே போடுங்க" என்பான். என் டீ அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். குடித்துவிட்டு இந்தக் கதவைப் பார்ப்பான். "மாவ்ஷி வீட்டுச் சாவி உங்ககிட்டேதானே இருக்கு? பெரிய வீடு, பாவம், பூட்டியே கிடக்கு" என்பான். வேறொன்றும் கேட்டதில்லை. போன வாரம், கிளாஸைக் கையில் கொடுக்கும்போது, "நாளைப்பின்னே நான் ஒரு பொய் சொல்லச் சொன்னா சொல்லுவீங்க இல்லே பாபி? உங்களுக்குத்தான் நல்லா வருதே" என்றான். விளையாட்டுக்குத்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு குடும்பம் இருந்தால் நல்லது. வாடகையைக் குறைக்கச் சொல்லி நானே எழுதுகிறேன். தண்ணீர் காலையில் வரும். பரண் இருக்கிறது.

என்ன, கைப்பையை எடுத்துவிட்டீர்களே. சரி, சரி, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்க. படியில் பார்த்து இறங்குங்க, கைப்பிடி ஆடும். மேளம் நின்றுவிட்டதா? நின்றுவிட்டது. பரவாயில்லை, நீங்க பேசாமல் அவன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்க.

ஏங்க... ஒரு நிமிஷம். வீடு பிடிக்கலேன்னா விடுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. காலையில கொஞ்ச நேரம் வந்து என் அடுப்படியில சும்மா நின்னீங்கன்னா போதும். டீ நானே போடறேன், நீங்க ஒண்ணும் பேசக்கூட வேண்டாம். வருவீங்களா?

ஏங்க? கேக்குதா?